மூன்றாவது கேள்வி

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்த இளம் தம்பதியிடம் எனக்குத் தமிழ் தெரியாது என்று பொய் சொன்னேன். மாடிப்படியில் வைத்துச் சொன்னேன். அந்தப் பையன் ஒரு கையில் பக்கெட்டும் மறு கையில் விளக்குமாறுமாக ஏறிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு, ஆங்கிலத்தில் கேட்டான்: "அங்கிள், நீங்க தமிழா?"

"இல்லையே. நாங்க புனேக்காரங்கதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஹிஞ்சவடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து, கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பையன்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய காலம். காய்கறிச் சந்தையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தன. வேறொருவருக்கு அது மகிழ்ச்சியாக இருந்திருக்கும். நான் கறிவேப்பிலை வாங்கும்போதுகூட அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டுதான் வாங்கினேன்.

காரணம் என் அப்பா. வட ஆற்காட்டு ஊர் ஒன்றிலிருந்து தேஹு ரோடு ராணுவ டிப்போவுக்கு மூட்டை தூக்க வந்தவர். சொந்த ஊரில் அவர் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருக்கள் இருந்தன. இங்கே யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. முழுக்கால் சட்டை போட்டார், பூட்ஸ் போட்டார், சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தார். மராத்திக்காரரும் பஞ்சாபிக்காரரும் அவரை 'மதராசி' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை அவர் ஒரு விருதைப் போல வைத்துக்கொண்டார், ஏனென்றால் அதில் எல்லா மதராசிகளும் அடக்கம்.

அவர் பயந்ததெல்லாம் ஊரிலிருந்து வரும் தமிழர்களைக் கண்டுதான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். "மொதல்ல சொந்த ஊரு இன்னான்னு கேப்பான். சொல்லு. அப்பறம் அந்த ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பான். அப்ப எழுந்துரு. மூணாவது கேள்வி வர்ற வரைக்கும் அங்க குந்திக்கினு இருக்காத."

மூன்றாவது கேள்வி என்ன என்று அவர் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் கல்லூரியில் படித்தேன், எம்.ஏ. வாங்கினேன், அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்ணியமான நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டாவது கேள்விக்கு எழுந்து நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. எந்தப் பாடப் புத்தகமும் அவ்வளவு ஆழமாக என்னுள் இறங்கியதில்லை.

ஒரே ஒரு தடவை எழாமல் இருந்து பார்த்தேன். தொண்ணூறுகளில் சென்னையிலிருந்து மாற்றலாகி எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அப்போது நாங்கள் விஷ்ராந்த்வாடியில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து டீ குடிப்பார். என் மகனுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தார், கூடவே தமிழ் எழுத்தும். என் மனைவி அகமத்நகர்ப் பக்கத்து மராத்திக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வீட்டில் இந்தியும் மராத்தியும்தான் புழங்கும். பையன் தமிழர் கடை ஒன்றின் பலகையில் 'அ'வைக் கண்டுபிடித்துக் கத்தியபோது அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ கையில் இருக்கும்போதே, மிக இதமாக அவர் மூன்று கேள்விகளையும் கேட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. அலுவலகத்திலும் சொந்த பிளாஸ்க்கில் டீ கொண்டுவர ஆரம்பித்தார். வயிற்றுக் கோளாறு, டாக்டர் சொன்னார் என்றார். டாக்டர் உண்மையிலேயே சொல்லியிருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை நான் விசாரிக்கவும் இல்லை.

மகன் கேட்டான்: "பப்பா, அங்கிள் ஏன் வர்றதில்ல?"

"அவருக்கு வேலை. நீ கணக்கைப் படி. தமிழெல்லாம் படிச்சு என்ன செய்யப்போறே?"

அவனுடைய அரிச்சுவடியை எடுத்துப் பரணில் போட்டேன். அவன் ஒரு மழைக்காலத்துக்குள் எல்லா எழுத்தையும் மறந்துபோனான். இன்று அவனுக்குத் தமிழ் என்பது பக்கத்து மேசையில் யாரோ எழுப்பும் சத்தம். என் அப்பா எனக்குப் பயத்தையும் மொழியையும் சேர்த்துக் கொடுத்தார். நான் மொழியை எடுத்துவிட்டேன். பயம் அவனிடம் வேறு ஏதாவது பெயரில் இருக்கும்.

எதிர்வீட்டுக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மாடிப்படிப் பொய் எனக்கு ஒரு வசதி செய்துகொடுத்தது. அவர்கள் என் முன்னால் தாராளமாகத் தமிழில் பேசினார்கள். நான் கேட்டேன். பூட்டைத் திருகிக்கொண்டு, செய்தித்தாளைப் பொறுக்கிக்கொண்டு, காது கொடுத்துக் கேட்டேன். எப்போதாவது அவர்கள் வாயிலிருந்து 'அந்தப்' பேச்சு வரும், அன்றைக்கு இவர்கள் யார் என்று தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஒருநாள் அந்தப் பெண் கணவனிடம் சொன்னாள்: "ஏனுங்க, இந்த அங்கிளப் பாத்தா எங்க பெரியப்பாராட்டவே இருக்கறாரு. மூக்கு மட்டும் கொஞ்சம் உருண்டை." நான் முகத்தை அசைக்காமல் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கவும் காயப்போடவும் சின்ன பால்கனி ஒன்று இருக்கும். டிரை பால்கனி என்போம். அவர்களுடையதும் எங்களுடையதும் ஒட்டி இருந்தன, நடுவே இடுப்புயரச் சுவர். குளிர்காலத்தில் காலை வெயில் அங்கேதான் விழும் என்பதால் நான் நாற்காலி போட்டு உட்காருவேன். அவள் துணி உலர்த்த வருவாள். கணவன் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அவளுக்கு இந்தி வராது. கட்டடத்துப் பெண்கள் இரண்டு நாள் சிரித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் அவள் தமிழிலேயே என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு நான் பேசறது புரியாதுங்க அங்கிள். இருந்தாலும் சொல்றனுங்க. வாயத் தெறக்காம இருந்தா எனக்குப் பைத்தியமே புடிச்சிரும்."

"ஹாங், ஹாங்" என்று தலையாட்டினேன்.

"எதைச் சொன்னாலும் ஹாங்குதான். இந்த லுங்கி உங்களுக்குச் சகிக்கலீங்க அங்கிள்."

"ஹாங், பேட்டா."

அவள் ஈரத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று மாலை அந்த லுங்கியை மனைவியிடம் கொடுத்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மனைவிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அஹோ, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசினா உங்க நாக்கு தேஞ்சா போயிடும்? பாவம், சுவத்தைப் பாத்துப் பேசுற மாதிரி பேசிட்டிருக்கா."

"முதல்ல ஆள் எப்படின்னு பாக்கணும்."

"இன்னும் எத்தனை மாசம் பாப்பீங்க? கேட்ல நிக்கிற செக்யூரிட்டிகூட பையைத் திறந்து பாத்துட்டு உள்ள விட்டுடறான். நீங்க தினமும் பையைத் திறந்து பாக்கறீங்க, உள்ளயும் விடமாட்டேங்கறீங்க."

கிறிஸ்துமஸுக்கு மனைவி மாவில் பொரித்த குல்குல் இனிப்பும் கேக்கும் தட்டில் வைத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மறுநாள் கட்டடத்தைப் பெருக்கும் அம்மாள் படியில் உட்கார்ந்து அந்தக் கேக்கைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சில் ஒரு கதவு சாத்திக்கொண்டது. ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் சந்தேகப்பட்டது சரி என்று தெரிந்த நிம்மதி.

"பாத்தியா? நம்ம வீட்டுத் தீனி அவங்களுக்கு ஆகாது" என்றேன் மனைவியிடம்.

"அவ உண்டாகியிருக்கா. முட்டை வாசனை குடலைப் புரட்டுதுன்னு கையைக் காட்டி என்கிட்ட நேத்தே சொன்னா. உங்க கண்ணுக்கு அது தெரியாது."

அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பெண் தன் கதையை என்னிடம் சொன்னாள். ஒரு மஞ்சள் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்கூட்டுல எனக்குக் கருமாதியே பண்ணிப்போட்டாங்க அங்கிள். உசுரோட இருக்கறப்பவே. வேற ஆளுக ஊட்டுப் பையனக் கட்டிட்டேன்னு. இவங்க ஊட்டுல எங்க ஆளுக தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க."

நான் செய்தித்தாளைப் பிடித்திருந்தேன். எழுத்துகள் தெரியவில்லை.

"எங்க மாமன் தேடிட்டு இருக்கறாராமா. அதுக்குத்தான் இத்தனை தூரம் வந்தோம். இங்க யாரும் எதும் கேக்க மாட்டாங்கன்னு இவர் சொன்னாரு. நெசந்தானுங்க, யாரும் ஒண்ணும் கேக்கல. ஆனா பேசறக்கும் ஒருத்தரும் இல்லீங்களே."

அவள் என்னைப் பார்த்தாள். பழக்கம்போல "ஹாங்" சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். நான் சொன்னேன். "ஹாங்" என்றேன். என் வாழ்நாளில் பேசிய சொற்களில் மிகக் கேவலமானது அதுதான்.

மாடிப்படியில் "நீங்க தமிழா?" என்று அந்தப் பையன் கேட்டதை நான் வேட்டைக்காரனின் கேள்வி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது துரத்தப்பட்டவனின் கேள்வி. என் அப்பாவைப் போல, என்னைப் போல, அவனும் எதிரில் வருபவரின் முகத்தில் ஊரைத் தேடிக்கொண்டிருந்தான். இவ்வளவு தெரிந்த பிறகும் என் மூளையின் ஒரு மூலை, இது என் வாயைக் கிளற அவள் கட்டிய கதையாக இருக்குமோ என்று கேட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதற்கு அர்த்தமில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்பவே போய்ச் சொல்லுங்க. இப்பவே."

"என்னன்னு சொல்றது? இத்தனை நாள் ஒட்டுக்கேட்டேன்னா?"

"ஆமாம், அதைத்தான்."

பொங்கலுக்குச் சொல்கிறேன் என்றேன். நல்ல நாள். சர்க்கரைப் பொங்கல் எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது என்றாலும் கையில் ஒரு கரும்புத் துண்டோடு போய், தமிழில் பேசி, மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று திட்டம் போட்டேன். திட்டம் போடுவது எனக்குக் கைவந்த வேலை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, முற்பகலில், பாவ் ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறினேன். எங்கள் தளத்தில் ஒருவர் நின்று எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, தடித்த மீசை, தோளில் துணிப்பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஐயா, நீங்க தமிழ்தானே? பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. சொந்த ஊரு எது?"

முதல் கேள்வி.

"எதிர்வீட்டுல ஒரு தமிழ்க் குடும்பம் இருக்குன்னு கீழ வாட்ச்மேன் சொன்னான். கதவு தட்டினேன், தெறக்கல. அவங்க எந்த ஊரு, எந்தப் பக்கத்து ஆளுங்க, உங்களுக்குத் தெரியுமா?"

இரண்டாவது. அவளுடைய மாமன் வந்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்கு எழுந்து போகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று நான் போகவில்லை. எத்தனையோ வருடங்களாகத் தொண்டைக்குள் பூட்டி வைத்திருந்த தமிழ் வெளியே வந்தது. நான் படித்த தமிழ் அல்ல, என் அப்பாவின் தமிழ்.

"யாரு ஊட்டு வாசல்ல வந்து இன்னா கேக்கற? அப்படி யாரும் இங்க கெடயாது. எந்த ஊரு, எந்தப் பக்கம்னு கேட்டுக்கினு இந்தப் படியில இன்னொரு வாட்டி ஏறினே, காலு இருக்காது. கெளம்பு!"

அவர் ஒரு படி கீழே இறங்கினார். "ஐயா, நான் வந்தது என்னன்னா..."

"பேசாத. எறங்கு!"

அவர் போய்விட்டார். படியில் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கதவின் கண்ணாடித் துளை இருண்டிருந்தது. உள்ளே ஒரு கண் இருந்தது. இப்போது கதவு திறக்கும், அவள் கண்ணீரோடு நன்றி சொல்வாள் என்று, வெட்கமில்லாமல், பாவ் பொட்டலத்தோடு நின்றேன். துளையில் மறுபடி வெளிச்சம் வந்தது. கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலை அவள் டிரை பால்கனிக்கு வந்தாள். கையில் துணி இல்லை.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமுங்களா?"

"தெரியும்மா."

"மொதல்ல இருந்தேவா?"

"ஆமா."

"நான் சொன்னது அத்தனையுமா?"

"ஆமாம்மா."

அவள் சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வந்தவரு யாருங்க? நான் எட்டிப் பாக்கறதுக்குள்ள எறங்கிட்டாரு."

"தெரியல. உன் மாமனா இருக்கும்னு நெனச்சேன். அதான் வெரட்டினேன்."

"எங்க மாமனை நீங்க கண்டிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் எப்படிங்க தெரியும்? அவருகூட எத்தனை நேரம் பேசினீங்க? சத்தம் போட்டதுக்கு முன்னால என்ன பேசினீங்க? எனக்குப் பாதிதான் கேட்டுது."

"ஒண்ணும் பேசலம்மா. சத்தியமா."

"இத்தன மாசம் ஒரு வார்த்தை புரியாத மாதிரி உக்காந்திருந்தீங்க. லுங்கிக்குக்கூட ஹாங்குன்னீங்க. இப்ப நீங்க சொல்றது நெசம்னு நான் எதை வெச்சுங்க நம்பறது?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. நானும் உன் புருஷன் வீட்டு ஆள் மாதிரிதானம்மா, என் அப்பாவும் இப்படி ஓடி வந்தவர்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. யாரும் கேட்காத மூன்றாவது கேள்விக்கு நானாகப் பதில் சொல்வதா என்று என் அப்பாவின் குரல் தடுத்தது. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பொங்கலுக்கு முன்பே அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். எங்கே போகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. டெம்போவில் கட்டிலும் மிக்ஸியும் ஏறின. வயிற்றைக் கையால் தாங்கியபடி அவள் முன்சீட்டில் ஏறுவதை மாடியிலிருந்து பார்த்தேன். என் மனைவி ஓடிப்போய் ஒரு சால்வையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அதை அவள் வாங்கிக்கொண்டாள். பையன் மேலே வந்து மீதி மூட்டையை எடுத்தான். என்னைக் கடக்கும்போது நின்று, "தேங்க் யூ, அங்கிள்" என்றான், ஆங்கிலத்தில். நான் தமிழில் ஏதோ ஆரம்பித்தேன். அவன் அதற்குள் இறங்கிவிட்டிருந்தான்.

மாசி மாதம் இருக்கும், சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கத்துக் காய்கறிச் சந்தையில் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை மறுபடி பார்த்தேன். என்னைக் கண்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். நான்தான் அருகே போனேன்.

"அன்னிக்கு நீங்க யாரைத் தேடி வந்தீங்க?"

அவர் சந்தேகமாகவே பார்த்தார். "யாரையும் தேடல சார். இங்க நாங்க கொஞ்சம் தமிழ்க் குடும்பங்க சேந்து வருஷா வருஷம் பொங்கல் வெக்கிறோம். புதுசா வந்தவங்களைக் கூப்பிடலாம்னு கட்டடம் கட்டடமா ஏறி எறங்கினேன். எந்த ஊருன்னு கேட்டா ஜனங்க கொஞ்சம் சிரிச்சுப் பேசுவாங்க, அப்பறம் பொங்கலுக்கு வர்றீங்களான்னு கேப்பேன். நீங்க அது வரைக்கும் விடலியே. உங்க சத்தத்துக்கு அப்பறம் அந்தத் தெருவுக்கே நான் போகல."

அவர் பையில் இன்னும் கசங்கிய நோட்டீஸ் இரண்டு இருந்தன. ஒன்றை என்னிடம் கொடுத்தார். கரும்பும் பானையும் போட்ட மஞ்சள் காகிதம். கோலப் போட்டி உண்டு என்று எழுதியிருந்தது. அவள் கட்டாயம் போயிருப்பாள் என்று தோன்றியது. பேச எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்! அல்லது அங்கேயும் யாராவது மூன்றாவது கேள்வியைக் கேட்டிருப்பார்களோ? அதுவும் நடக்கக்கூடியதுதான். அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

அதற்கடுத்த பொங்கலுக்கு நானும் மனைவியும் போனோம். பின்வரிசையில் உட்கார்ந்து, குழந்தையோடு வரும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தேன். யாராவது "ஏனுங்க" என்றால் திரும்பினேன். அவள் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

எதிர்வீட்டுக்கு நாக்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே நான் போய் நின்று, என் பெயரைக்கூடச் சொல்லாமல், மராத்தியில் சொன்னேன்: "எனக்குத் தமிழ் தெரியும்."

அந்த மனிதர் கையில் கேஸ் அடுப்போடு என்னைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார்.

"பரவால்ல காகா," என்றார். "எங்களுக்குத் தெரியாது."

அவர்களுக்குப் பிறகு வந்தவர்களிடமும் சொன்னேன். இப்போதும் அந்தக் கதவில் யார் வந்து நின்றாலும் முதலில் அதைத்தான் சொல்கிறேன். என் மனைவி உள்ளேயிருந்து, "அவர் அப்படித்தான், நீங்க உள்ள வாங்க, டீ குடிங்க" என்று கூப்பிடுவாள்.